மூக்கில் ஒட்டும் பட்டி: எப்படிப் போடுவது, அதனிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது

வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒரு பாமசியில் 26 வருடமாக மருந்து கொடுத்து வருகிறேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு, சனம் குறைகிற நேரம் பார்த்து, யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அண்ணை, மூக்கில ஒட்டுற பிளாஸ்டர் இருக்கா? குறட்டைக்கு." கேட்பவர் பெரும்பாலும் குறட்டை விடுபவராக இருக்க மாட்டார். பக்கத்தில் படுத்து நித்திரையில்லாமல் கிடப்பவர்தான் வருவார்.

முன்பு பெட்டியை எடுத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பேன். இப்போது இரண்டு கேள்வி கேட்காமல் கொடுப்பதில்லை. நித்திரையில் இடைக்கிடை மூச்சு நிற்கிறதா? பகலில் இருந்த இடத்திலேயே கண் சொருகுகிறதா? இரண்டில் ஒன்றுக்கு "ஓம்" என்று பதில் வந்தாலும் பட்டியைக் கொடுப்பேன். ஆனால் டொக்டரைப் பார்க்கச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். இந்தப் பழக்கம் என் அத்தானால் வந்தது.

அத்தான் வான் ஓட்டுகிறவர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, கிழமைக்கு மூன்று தடவை. கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டில் போய் நின்றால் நடுச்சாமத்தில் முன்னறை வரைக்கும் அவருடைய குறட்டை கேட்கும். 2019இல் நானே ஒரு பெட்டி பட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் அக்கா போன் எடுத்தாள். "தம்பி, உந்தப் பிளாஸ்டர் நல்ல சாமான். சத்தம் அரைவாசிக்கு மேல குறைஞ்சிட்டுது. நான் இப்பதான் விடியும்வரைக்கும் நித்திரை கொள்ளுறன்." எனக்கும் சந்தோஷம். இன்னும் இரண்டு பெட்டி அனுப்பி வைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வானோடு திரும்பி வரும்போது, புத்தளத்துக்கு இந்தப் பக்கம், விடிகாலையில் வான் வீதியை விட்டு இறங்கிப் பற்றைக்குள் போய் நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்கண்ணாடி மட்டும் போனது. "ஒரு செக்கன் கண் சொருகினது போல இருந்தது, அவ்வளவுதான்" என்றார். அந்த ஒரு செக்கன் என் மனதை விட்டுப் போகவில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மல்லாந்து படுத்திருந்தார், மூக்கில் நான் கொடுத்த பட்டி. குறட்டை மெல்லியதாகத்தான் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். இரண்டு மணி போலக் குறட்டை நின்றது. அக்கா அந்த அமைதியைத்தான் நல்ல நித்திரை என்று நினைத்திருந்தாள். வயிறு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வயிறு ஏறும்போது நெஞ்சு உள்ளே வாங்கியது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காற்றில்லை. 10 செக்கன் போனது, 20 போனது. 26இல் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட, தண்ணீருக்குள் மூழ்கியிருந்தவர் மேலே வந்த மாதிரி இழுத்து மூச்சு வாங்கினார். பிறகு நாலைந்து மூச்சு, மெல்லிய குறட்டை, மறுபடி அமைதி. ஒரு மணித்தியாலம் இருந்து எண்ணினேன். 20 தடவைக்கு மேல் வந்தது.

நான் கொடுத்த பட்டி சத்தத்தைக் குறைத்திருந்தது. மூச்சு முன்பு போலவே நின்று நின்றுதான் வந்தது. சத்தம் குறைந்துவிட்டதால் அக்காவும் எழும்பிப் பார்ப்பதை விட்டிருந்தாள்.

பட்டி கெட்ட சாமான் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். அத்தான் இன்றைக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறார். ஆனால் அது இப்போது வேறொரு வேலைக்குத் துணையாக இருக்கிறது. அதை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது என்பதை, டொக்டர்மாரிடம் கேட்டதையும் கடையில் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

மூக்கும் தொண்டையும்

காலிமுகத்திடலில் செவ்விளநீர் வாங்கிக் குடித்திருப்பீர்கள். பேப்பர் ஸ்ட்ரோ கொடுப்பார்கள். பாதி குடிப்பதற்குள் அதன் நடுப்பகுதி ஊறி மெத்தென்று ஆகிவிடும். அந்த நேரம் பார்த்து ஸ்ட்ரோவின் நுனி உள்ளேயிருக்கும் வழுக்கையில் முட்டினால் என்ன நடக்கும்? தண்ணீர் வராது. நீங்கள் இன்னும் பலமாக உறிஞ்சுவீர்கள். உறிஞ்ச உறிஞ்ச, ஊறிய நடுப்பகுதி சப்பையாகி ஒட்டிக்கொள்ளும்.

நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வருத்தத்தை ஸ்லீப் அப்னியா என்பார்கள். அதுவும் ஏறத்தாழ இதே கதைதான். ஸ்ட்ரோவின் நுனி மூக்கு. ஊறிய நடுப்பகுதி தொண்டை. உறிஞ்சுகிற வாய் நெஞ்சு. நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடியும் அண்ணத்தின் மென்பகுதியும் பின்னுக்குச் சாய்கின்றன. மூக்கு அடைத்திருந்தால் நெஞ்சு கூடப் பலத்தோடு இழுக்க வேண்டியிருக்கும். அந்த இழுவையில் தளர்ந்த தொண்டை இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். நுனியை வழுக்கையிலிருந்து எடுத்துவிட்டால் கொஞ்சம் உதவி. ஆனால் ஸ்ட்ரோ ஏற்கெனவே நன்றாக ஊறிப்போயிருந்தால், நுனி திறந்திருந்தும் நடுப்பகுதி ஒட்டத்தான் செய்யும். பட்டி செய்வது நுனி வேலை மட்டும்.

அந்த நுனி வேலையும் சின்ன வேலை இல்லை. நாம் மூச்சு இழுக்கும்போது காற்றுக்கு ஏற்படும் தடையில் பாதிக்கு மேல் மூக்கில்தான் இருக்கிறது. அதிலும் மிக ஒடுங்கிய இடம் துவாரத்தின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே. அதை மூக்கு வால்வு என்பார்கள். குழாய் ஒன்றின் ஆரம் பாதியானால், ஒழுங்காக ஓடுகிற காற்றுக்குத் தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும். அதனால்தான் ஒரு மில்லிமீட்டர் திறந்துவிட்டாலே "அப்பாடா" என்று இருக்கிறது.

ஆனால் அப்னியா எண்ணிக்கை வேறு கணக்கு. மூச்சு குறைந்தது 10 செக்கன் நிற்பதை ஒரு தடவை என்று எண்ணுவார்கள். பெரிதாகக் குறைந்து போவதையும் சேர்ப்பார்கள். மணித்தியாலத்துக்கு 5இலிருந்து 15 என்றால் லேசானது, 15இலிருந்து 30 நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. மூக்கை விரிக்கும் சாமான்களைப் பற்றிய பல சிறு ஆய்வுகளை 2016இல் ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். போடுவதற்கு முன் சராசரி 28.7, போட்ட பின் 27.4. அத்தானுக்கு நான் கதிரையில் இருந்து எண்ணியதும் இந்தக் கதையைத்தான் சொன்னது.

முதலில் பார்க்க வேண்டியது

பட்டி வாங்குவதற்கு முன் ஒரு கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் பலமாக இழுங்கள். மூக்கின் பக்கச் சுவர் உள்ளே வாங்குகிறதா? அடுத்து, இரண்டு கன்னத்திலும், மூக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்து, தோலை மெதுவாகக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்தபடி மூச்சு வாங்குங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போவது தெரிந்தால் உங்கள் பிரச்சினையில் மூக்கு வால்வுக்குப் பங்கு உண்டு. பட்டி உதவ நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் தடை இன்னும் உள்ளே இருக்கலாம், சதை வளர்ச்சியோ வேறு ஏதோ. அதைப் பட்டி எட்டாது.

எந்தத் துவாரம் அடைப்பு என்று பார்க்க, சின்னக் கைக்கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விடுங்கள். இரண்டு பக்கமும் ஆவிப் படலம் படியும். ஒரு பக்கம் சின்னதாக இருந்தால் அந்தப் பக்கம் ஒடுக்கம். ஆளுக்கு ஆள் குளிர்ந்த கரண்டியை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். கொழும்புப் புழுக்கத்தில் பிரிட்ஜிலிருந்து எடுத்த கரண்டி தானாகவே வியர்த்துவிடும், ஒன்றும் தெரியாது. ஒரு தடவை பார்த்து முடிவு கட்டவும் வேண்டாம். இரண்டு துவாரமும் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாறி மாறி அடைத்துத் திறப்பது இயல்பு. காலையிலும் இரவிலும் இரண்டு மூன்று நாள் பாருங்கள்.

அதோடு போனில் குரல் பதிவைப் போட்டுத் தலைமாட்டில் வையுங்கள். பட்டி இல்லாமல் இரண்டு இரவு, பட்டியோடு இரண்டு இரவு. காலையில் குறட்டையைக் கேட்பதை விட்டுவிட்டு, அமைதியைக் கேளுங்கள். குறட்டை நின்று, 10 செக்கனுக்கு மேல் ஒன்றும் கேட்காமல், பிறகு ஒரு இழுப்போ செருமலோ வந்தால், பட்டியோடும் அது அப்படியே இருந்தால், நீங்கள் போக வேண்டியது டொக்டரிடம். பக்கத்தில் படுப்பவர் முழித்திருந்து பார்த்தால் இன்னும் நல்லது. வயிறு அசைந்தும் காற்று வராததைப் போன் பிடிக்காது.

பட்டியை ஒட்டும் விதம்

வெளியே ஒட்டுகிற பட்டிதான் நம் கடைகளில் கூடப் போகிறது. பிரீத் ரைட் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் மினசோட்டாவில் மூக்கடைப்பால் தானே அவதிப்பட்ட புரூஸ் ஜோன்சன் என்பவர் கண்டுபிடித்தது, 1993இல் அங்கே அனுமதி கிடைத்தது. அமைப்பு மிக எளிது. துணிப் பட்டிக்குள் வில் போன்ற பிளாஸ்டிக் கீற்று இருக்கும். மூக்கின் மேல் வளைத்து ஒட்டினால் அது நிமிரப் பார்க்கும். நிமிரும்போது மூக்கின் பக்கச் சுவரையும் கூடவே வெளியே இழுக்கும். மருந்து ஒன்றும் அதில் இல்லை.

"ஒட்டினேன், ராத்திரியே கழண்டிட்டுது" என்று பெட்டியோடு திரும்பி வருபவர்கள் ஏராளம். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் எண்ணெய்ப் பசை. முகத்துக்கு கிறீமோ தேங்காய் எண்ணெயோ பூசியிருந்தால் ஒட்டாது. முகப் பவுடர் போட்டாலும் ஒட்டாது. சவர்க்காரம் போட்டு மூக்கை மட்டும் நன்றாகக் கழுவி, துவாயால் ஒற்றி, ஃபானுக்குக் கீழே ஐந்து நிமிடம் இருங்கள். குளித்த சூட்டோடு ஒட்ட வேண்டாம், உடம்பு வியர்த்துக்கொண்டிருக்கும். ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் இந்த ஐந்து நிமிடம் பத்து நிமிடமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் முக்கியம். மூக்குத்தண்டின் மேற்பாதி எலும்பு. அங்கே ஒட்டினால் இழுப்பதற்கு ஒன்றுமில்லை. நுனிக்குப் பக்கத்தில் ஒட்டினாலும் பயன் இல்லை. விரலால் மேலிருந்து கீழே தடவி வாருங்கள். எலும்பு முடிந்து மெதுவாகிற இடம் தெரியும். மூக்குத் துவாரங்கள் அகலும் மடிப்புக்குச் சற்று மேலே, அந்த மென்மையான இடத்தில், பட்டியின் இரண்டு முனையும் வர வேண்டும். பின்தாளை உரித்து, முதலில் நடுவை அழுத்தி, பிறகு இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி அழுத்துங்கள். 10 செக்கன் விரலால் தேய்த்துக்கொடுங்கள். விரல் சூட்டில் பசை பிடிக்கும். கோணலாகிவிட்டது என்று தூக்கித் திருப்பி ஒட்டினால் அந்தப் பட்டி முடிந்தது. முனைகள் கன்னத்தில் ஏறுகின்றன என்றால் அளவு பெரிது, சின்னதை வாங்குங்கள்.

12 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஒரு பட்டி ஒரு இரவுக்குத்தான். மறுநாளுக்கென்று கழற்றி வைப்பதில் பிரயோசனமில்லை. காலையில் உலர்ந்த பட்டியைச் சரக்கென்று உரிப்பதுதான் மூக்குத் தோல் சிவப்பதற்குக் காரணம். முகம் கழுவும்போது இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டு, இரண்டு முனையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, நடுவை நோக்கி எடுங்கள். அத்தான் முதல் கிழமையில் வாய் பேசாமல் இழுத்து உரித்து, மூக்கில் இரண்டு பக்கமும் அரைவட்டமாகத் தோல் உரிந்து வந்து நின்றார். அப்படியானால் ஆறும்வரை நிறுத்த வேண்டும். காயம், பரு, வெயிலில் கருகிய தோல் இருந்தாலும் அப்படித்தான். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஒட்டவே கூடாது. அதற்கு மேற்பட்ட பிள்ளை என்றாலும், குறட்டை விட்டு வாயால் மூச்சு வாங்குகிற பிள்ளைக்குத் தொண்டைச் சதையும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையும் பெருத்திருக்கலாம். பட்டி தேடி வரும் அம்மாமாரைக் காது மூக்கு தொண்டை டொக்டரிடம்தான் அனுப்புகிறேன்.

உள்ளே வைப்பது

இன்னொரு வகை, துவாரத்துக்குள் வைக்கும் சிலிக்கன் சாமான். சின்னக் கூம்பு போலவோ வளையம் போலவோ இரண்டு, நடுவில் ஒரு பாலம். வால்வை உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும். வெளிப்பட்டி ஒட்டாதவர்களுக்கும் பசை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது நல்லது. பல தடவை பாவிக்கலாம் என்பதால் செலவும் குறையும். இரண்டையும் இணைக்கும் பாலம் உள்ளதையே வாங்குங்கள். தனித்தனியாக இருப்பது இரவில் உள்ளே நழுவினால் பயம்.

சரியான அளவு என்பது உள்ளே இருப்பது தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. பல அளவு சேர்ந்த பெட்டி கிடைத்தால் சின்னதிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மூன்று இரவு தும்மல் வரும், கண் கலங்கும். படுக்கைக்கு முன் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் வைத்துப் பழகினால் போகும். ஒவ்வொரு காலையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். நம்மூர் ஈரத்தில் மூடிய டப்பாவுக்குள் ஈரத்தோடு போட்டால் வழுவழுப்புப் பிடித்துவிடும். ஒருவருடையதை மற்றவர் பாவிக்கவே கூடாது. அடிக்கடி மூக்கால் இரத்தம் வருபவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், அண்மையில் மூக்கில் ஒப்பரேஷன் செய்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

துவாரத்தின் மேல் ஒட்டி, வெளிவிடும் மூச்சுக்குத் தடை போடுகிற சின்ன வால்வுகளும் உண்டு. பார்வைக்கு இதே குடும்பம் போலத் தெரியும். வேலை நேர் எதிர். அது டொக்டர் சொல்லிப் போடுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சீபாப் மெஷினோடு

அந்த இரவுக்குப் பிறகு, காசு கட்டி டொக்டரிடம் நேரம் பதிந்து (சனல் பண்ணி) அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டிலேயே போட்டுப் படுக்கிற சோதனை கொடுத்தார்கள்: விரலில் ஒரு கிளிப், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, மூக்கில் ஒரு குழாய். சோதனை இரவில் மூக்குப் பட்டி போட வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். உள்ளபடி தெரிய வேண்டும் என்பதற்காக. முடிவு மணித்தியாலத்துக்கு 34. சீபாப் மெஷின் எழுதிக் கொடுத்தார்.

சீபாப்பை 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் கொண்டுவந்தார். முதல் மெஷின்களுக்கு வாக்குவம் கிளீனர் மோட்டரைத் திருப்பி வைத்துக் காற்றை ஊத விட்டார். மாஸ்க் வழியாக ஊதும் காற்று தொண்டையை உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்கும். ஊறிய ஸ்ட்ரோவை ஊதி நிமிர்த்துவது மாதிரி. அப்னியாவுக்கு இதுதான் மருந்து. ஆனால் அத்தான் முதல் பத்து நாளில் ஆறு நாள் நடுச்சாமத்தில் மாஸ்க்கைக் கழற்றி வீசினார். "மூக்கு அடைச்சுக் கிடக்க, காத்தைத் தள்ளினா மனிசன் என்ன செய்யிறது?" அவர் சொன்னது சரி. மூக்கு அடைத்தால் வாய் திறக்கும், திறந்த வாயால் காற்று ஓடிவிடும், விடிய நாக்கு தோலாகக் காய்ந்திருக்கும்.

பட்டிக்குச் சரியான இடம் இங்கேதான் கிடைத்தது. டொக்டர் சம்மதித்ததும் மாஸ்க்குக்கு முன் பட்டியை ஒட்டிவிட்டோம். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற தலையணை மாஸ்க் என்றால் பட்டி மேலே இருப்பதால் ஒரு கரைச்சலும் இல்லை. மூக்கை முழுதாக மூடும் மாஸ்க் என்றால் கவனம் வேண்டும்: மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு பட்டியின் முனையில் ஏறினால் அந்த இடைவெளியால் காற்று கண்ணில் அடிக்கும். முதலில் பட்டி, பிறகு மாஸ்க், பிறகு படுத்த நிலையில் மெஷினைப் போட்டு விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். காற்று கசிந்தால் சின்ன அளவுப் பட்டி எடுங்கள். உள்ளே வைக்கும் சாமானையும் தலையணை மாஸ்க்கையும் ஒரே துவாரத்தில் திணிக்க வேண்டாம்.

உதவுகிறதா என்று மனதால் அளக்காதீர்கள், மெஷின் சொல்லும். இப்போதைய மெஷின்கள் எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மிஞ்சிய அப்னியா எத்தனை என்று பதிந்து வைக்கும். ஒரு கிழமை பட்டியோடு, ஒரு கிழமை பட்டியில்லாமல் படுத்து மூன்றையும் எழுதுங்கள். அக்கா காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள். பட்டியில்லாத கிழமையில் அத்தான் சராசரி மூன்று மணித்தியாலம் போட்டிருந்தார், பட்டியோடு ஐந்தரை. ஒரு இரவுக்கு நாலு மணித்தியாலமாவது போட வேண்டும் என்பது பொதுவாகப் பார்க்கும் கணக்கு. முழு நித்திரைக்கும் போடுவதுதான் நல்லது. காற்றழுத்த அளவை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

சொட்டு மருந்தும் மற்றதும்

மூக்கடைப்பு தூசி ஒவ்வாமையால் வருகிறது என்றால் பட்டி பாதி வேலைதான். மெத்தை உறையை வெந்நீரில் தோயுங்கள். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. கொதித்து ஆறிய தண்ணீரில்தான், குழாயிலிருந்து நேரே பிடித்ததில் ஒருநாளும் இல்லை. ஸ்டீரொயிட் ஸ்பிரே கொடுத்தால் நாலு நாளில் கைவிடாதீர்கள், அது வேலை செய்ய நாள் எடுக்கும். நுனியை நடுச்சுவர்ப் பக்கம் பிடிக்காமல் கண்ணின் வெளிப்பக்கமாகச் சரித்து அடியுங்கள்.

அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைப் பற்றித்தான் எனக்கு ஆகப் பெரிய கவலை. ஓக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் எல்லாம் அதுதான். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் போட்டால் மருந்து இறங்கும்போதெல்லாம் மூக்கு முன்னையை விட மோசமாக அடைக்கும். அதற்காக மறுபடி போடுவார்கள். இரண்டு வருடமாகக் கிழமைக்கு ஒரு போத்தல் வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குப் பட்டியைக் கொடுத்து, டொக்டரிடம் அனுப்பி, ஒவ்வொரு துவாரமாக அந்தச் சொட்டை நிறுத்த மூன்று மாதம் ஆனது.

வாயை டேப்பால் ஒட்டிக்கொண்டு படுக்கும் பழக்கம் போன் வீடியோக்களில் பரவுகிறது. மூக்கு அடைத்த, அப்னியா உள்ள ஒருவருக்கு அது ஆபத்து. பட்டி போட்டிருந்தாலும் வேண்டாம். சாராயமும், டொக்டர் அறியாமல் எடுக்கும் நித்திரைக் குளிசையும் தொண்டையை இன்னும் தளர்த்தும். பக்கவாட்டில் படுப்பது பலருக்கு உண்மையாகவே உதவுகிறது.

பட்டியோடு மட்டும் நிற்கக் கூடாதவர்கள் யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: வாகனம் ஓட்டுகிறவர்கள், மெஷினில் வேலை செய்கிறவர்கள், குளிசை எடுத்தும் பிரஷர் இறங்காதவர்கள், விடிய எழும்பினால் தலையிடி உள்ளவர்கள், இரவில் மூன்று நாலு தரம் சிறுநீர் கழிக்க எழும்புகிறவர்கள், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டியவர்கள். சனல் பண்ணக் காசில்லை என்றால் அரச ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் சொல்லி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கோ நெஞ்சு கிளினிக்குக்கோ கடிதம் கேளுங்கள். "குறட்டை" என்று மட்டும் சொன்னால் சிரித்து அனுப்பக் கூடும். "நித்திரையில் மூச்சு நிற்கிறது, இத்தனை செக்கன்" என்று சொல்லிப் போன் பதிவைப் போட்டுக் காட்டுங்கள்.

கரண்ட் இல்லாத இரவு

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில் மெஷின் சும்மா கிடந்தது. டொக்டர் சொன்னபடி அந்த இரவுகளில் பட்டியை ஒட்டி, தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குப் பின்னால் தலையணையை அடுக்கிப் பக்கவாட்டில் படுக்க வைத்தோம். ஒன்றுமில்லாமல் படுப்பதை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். மெஷின் இல்லாத இரவுக்கு மறுநாள் வான் எடுப்பதில்லை என்று அக்கா சட்டம் போட்டாள். அத்தான் முறைத்தாலும் மீறவில்லை. அந்த நாட்களில் மருமகன் ஓட்டினான்.

இப்போது வெளியூரில் தங்கும்போது மெஷின் பையின் பக்கப் பொக்கட்டில் ஆறு பட்டி இருக்கும். வானின் முன்தட்டில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மதிய வெயிலில் அங்கே பசை இளகி, பின்தாளோடு ஒட்டி, இரவு உரிக்கும்போது இரண்டாகக் கிழிந்து வரும்.